மங்கல் துப்பாக்கியும் நீலச் சட்டையும்

2 ஜூன்

என் அருமை முசுட்டுக்கு,

வாயாடி எழுதுவது. நான் நலம். நீங்களும் முதுகுவலி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது என்றுதான் கடிதம் எழுதுவதாக முடிவு செய்தோம். அதற்காக ஒன்பது வரியில் முடித்துவிடுவதா? போன கடிதத்தில் துப்பாக்கியை ஐந்து தடவை விசாரித்திருக்கிறீர்கள். என்னை ஒரே தடவை. எண்ணிப் பார்த்தேனே!

சலவைக்கடையில் வேலை பெண்டு நிமிர்த்துகிறது. ஹோட்டல் படுக்கை விரிப்பு மட்டும் தினம் முந்நூறு. வீட்டுக்கு வந்த பிறகும் கையில் சோப்பு வாடை போவதில்லை.

இப்போது உங்கள் செல்லப்பிள்ளை சமாச்சாரம். நீங்கள் வேலைக்குப் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. ஒரு ஞாயிறு தவறாமல் துடைக்கிறேன். நீங்கள் எழுதி ஒட்டிய காகிதம் இன்னும் இரும்பு அலமாரிக் கதவின் உட்பக்கம் இருக்கிறது: "எண்ணெய் ஒரே சொட்டு. பாலிஷ் கூடவே கூடாது. கைரேகை பட்டால் உடனே துடை. உறைக்குள் வைக்காதே, ஈரம் கோக்கும். துணிக்கு என் பழைய சட்டை ஏதாவது." அட்சரம் பிசகாமல் அப்படியேதான் செய்கிறேன்.

ஆனாலும் ஒன்று புரியவில்லை. குழலின் நடுவில் ஓர் உள்ளங்கை அளவுக்கு மினுங்குகிறது. மற்ற இடமெல்லாம் கரும்பலகை மாதிரி மங்கலாக இருக்க, அங்கே மட்டும் என் மூக்கு தெரிகிறது. எதனால்?

அக்டோபர் லீவுக்கு டிக்கெட் போட்டாயிற்றா?

அன்புடன்,
வாயாடி

15 ஜூன்

அன்புள்ள வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. முதுகுவலி அப்படியே இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய், எப்படி இருக்கிறாய், எப்படி இருக்கிறாய்? மூன்று தடவை கேட்டாயிற்று.

எண்ணெய் மினுங்குகிறதா, இரும்பு மினுங்குகிறதா? இரண்டும் வேறு வேறு. காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பார். அந்த மங்கல் என்பது மேலே அடித்த பெயிண்ட் இல்லை. இரும்பையே பொடிப்பொடியாகச் சொரசொரப்பாக்கி அதில் கறுப்பு ஏற்றியிருக்கிறார்கள். சொரசொரப்பு தேய்ந்தால் போனதுதான். அதற்காகவே தேடி வாங்கிய துப்பாக்கி அது. வெயிலில் மின்னினால் சோளக்கொல்லைக்கு வருகிற பன்றி தூரத்திலேயே திரும்பிவிடும்.

உண்மையைச் சொல், பாத்திரம் விளக்குகிற பவுடரைப் போட்டாயா? திட்டமாட்டேன். ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

டிக்கெட் இன்னும் போடவில்லை. ஒப்பந்தத்தை இரண்டு வருடம் நீட்டச் சொல்லி ஃபோர்மேன் காகிதம் கொடுத்திருக்கிறார். எனக்கு வீட்டுக்கு வர வேண்டும் என்றுதான் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை.

உன்,
முசுடு

28 ஜூன்

என் அருமை முசுட்டுக்கு,

பவுடராம் பவுடர்! பன்னிரண்டு வருடமாக ஊரார் துணியை வெளுக்கிறவள் நான். எதில் எதைப் போடலாம் என்று நீங்கள் எனக்குச் சொல்லித் தருகிறீர்களாக்கும்.

மினுக்கம் எப்படி விழும் என்று எனக்கும் தெரியும். கறுப்புப் பேண்டை நல்ல பக்கமாகப் போட்டு இஸ்திரி செய்தால் முட்டியில் பளபளவென்று ஆகிவிடும். பிறகு தலைகீழாக நின்றாலும் போகாது. அந்தப் பயத்திலேயே குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரிதான் துடைக்கிறேன். அப்புறம் எப்படித் தேயும்? போன மாதத்தைவிட இப்போது இன்னும் பெரிதாகத் தெரிகிறது. என் கண்தான் கெட்டுவிட்டதோ என்று ஜன்னலோரம், விளக்கடியில், வாசலில் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. தலை சுற்றுகிறது.

போட்டோ இதோடு இருக்கிறது. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். ஒரு வருடம் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டாயிற்று. போதும்.

வாயாடி

12 ஜூலை

மனைவிக்கு,

போட்டோவில் துப்பாக்கி மொத்தமும் ஜன்னல் வெளிச்சத்தில் மின்னுகிறது. ஃபோர்மேனின் பூதக்கண்ணாடியை வாங்கி வைத்துப் பார்த்த பிறகுதான் இடம் பிடிபட்டது. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது கை பிடிக்கிற இடம் அது. துடைத்துத் தேய்ந்தால் குழல் முழுக்கத் தேய வேண்டும். ஒரே இடம் தேய்ந்திருக்கிறது. யார் கை?

எனக்குத் தெரிந்து கேட்காமல் எடுத்துப் போகிற கை ஒன்றுதான். போன வருடம், நான் கிளம்புவதற்கு முன்னால், உன் தம்பி எடுத்துக்கொண்டு போனான். நீ மூன்று நாள் என்னிடம் மறைத்தாய். அந்தச் சண்டையில்தான் நான் இவ்வளவு தூரம் வேலைக்கு வந்தேன். திரும்பவும் அதேதானா? லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறது. ஏதாவது ஆனால் உள்ளே போகிறவன் நான்.

இல்லை என்றும் தோன்றுகிறது. இருக்கும் என்றும் தோன்றுகிறது. இந்தக் குழப்பத்தோடு நான் வீட்டுக்கு வந்து என்ன செய்ய? ஃபோர்மேனுக்கு ஆகஸ்ட் ஐந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். உண்மையை எழுது.

இப்படிக்கு.

27 ஜூலை

உங்களுக்கு,

கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. மூன்று நாள் உங்களோடு பேசக்கூடாது என்று இருந்தேன். தம்பி வேலை மாற்றலாகிப் போய் எட்டு மாதம். இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அலமாரிச் சாவி என் கழுத்துச் சங்கிலியில் இருக்கிறது. குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை.

நேற்று கடைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுத் துப்பாக்கிக் கடைக்காரரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவர் குழலைத் தடவிப் பார்த்தார்.

"எந்தத் துணியால தொடைக்கிறீங்கம்மா?"

"எங்க வீட்டுக்காரர் சட்டைங்க."

"எங்க, எடுத்துட்டு வாங்க பாப்போம்."

கொடுத்தேன். பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துச் சட்டையின் மேல் ஓட்டினார். கறுகறுவென்று தூள் மயிர் மாதிரி எழுந்து நின்றது. ஒரு தகர மூடியில் சட்டையைத் தேய்த்துக் காட்டினார். கோடு கோடாக விழுந்தது.

"அவருக்கு என்ன வேலை?"

"கப்பல் பட்டறையில கிரைண்டிங்."

"அப்போ இது சட்டை இல்லம்மா, மரம் தேய்க்கிற உப்புத்தாள். இழைக்கு இழை தூள் ஏறிக் கெடக்கு. சலவைக்கடையில வேலைன்றீங்க, ஒரு தண்ணியில அலசக்கூடாதா?"

மறந்துவிட்டேன் என்று அவரிடம் சமாளித்தேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். இங்கே பட்டறையில் கடைசி நாள் வேலை முடிந்து வந்து கதவுக்குப் பின்னால் மாட்டினீர்களே, அந்த நீலச் சட்டை. ஊரில் உள்ள அழுக்கையெல்லாம் வெளுக்கிறேன், அதை மட்டும் துவைக்க எனக்கு மனசு வரவில்லை. துவைத்தால் உங்கள் வாசனை போய்விடும். துப்பாக்கி துடைக்கிற சாக்கில்தான் ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். துடைத்து முடித்த பிறகும் நினைப்பு எங்கேயோ இருக்கும், கை ஒரே இடத்தில் போய்க்கொண்டிருக்கும்.

யார் கை என்று கேட்டீர்கள். என் கை. தூள் உங்களுடையது. இதில் தப்பு யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. என்னைத் திருடியைக் கேட்கிற மாதிரி கேட்டீர்களே, அது மட்டும் ஆறவில்லை.

உங்கள் மனைவி

8 ஆகஸ்ட்

அன்புள்ள வாயாடிக்கு,

அப்படிக் கூப்பிட இன்னும் எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. நான்காம் தேதியே கையெழுத்துப் போட்டுவிட்டேன். பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொண்டேன். புத்தி கெட்டவன்.

காந்தத்தைப் பற்றிப் படித்தபோது சிரித்தேன். அதற்கு அடுத்த வரிகளைச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோருக்கும் நடுவே படித்தேன். எழுந்து வெளியே போய்விட்டேன். என்னை மன்னித்துவிடு. உன் தம்பிக்கும் தனியாக எழுதுகிறேன்.

குழலைப் பற்றிக் கவலைப்படாதே. மினுங்கினால் மினுங்கட்டும். ஆனால் இனி அந்தச் சட்டையால் துடைக்காதே. முதலில் அதை நன்றாகத் துவைத்துவிடு. அந்தத் தூள் மூச்சில் போனால் நல்லதில்லை.

ஒப்பந்தத்தைப் பற்றி அலுவலகத்தில் கேட்டேன். ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் ரத்து செய்யலாமாம். படிவம் வாங்கி வைத்திருக்கிறேன். அதில் "காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன எழுத? சந்தேகப்பட்டேன், தப்பாகிவிட்டது என்றா? ஒன்றும் ஓடவில்லை. நான் வந்தால் நீ கதவைத் திறப்பாயா என்பதும் தெரியவில்லை.

உன்,
முசுடு

20 ஆகஸ்ட்

உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. துப்பாக்கியை நீங்கள் வரும்வரை கடைக்காரரிடமே ஒப்படைத்துவிட்டேன். இனி அவர் பாடு. ரசீது இதோடு இருக்கிறது.

நீங்கள் சொன்னபடியே சட்டையையும் துவைத்துவிட்டேன். கடைக்குக் கொண்டு போய் மற்ற துணியோடு சேர்க்காமல் தனியாக வாளியில் ஊறப்போட்டேன். முதல் தண்ணீர் மை மாதிரி வந்தது. நான்காவது தண்ணீர்தான் தெளிந்தது. கூட வேலை செய்கிறவள் "என்னக்கா, ஒத்தச் சட்டைக்கு இவ்ளோ நேரமா? கண்ணெல்லாம் ஏன் செவந்திருக்கு?" என்று கேட்டாள். சோப்பு கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன். மினுக்கம் விழாமல் உட்பக்கம் திருப்பி இஸ்திரி போட்டுப் பழைய ஆணியிலேயே மாட்டியிருக்கிறேன்.

முகர்ந்து பார்த்தேன், உங்கள் வாசனை இல்லை. எல்லார் துணியும் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறது.

கோபம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை. காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுத என்று கேட்டிருந்தீர்கள். "வீட்டில் சட்டையைத் துவைத்துவிட்டார்கள்" என்று எழுதுங்கள். அலுவலகத்தில் யாருக்கும் புரியாது, பரவாயில்லை. உங்களுக்கும் புரியவில்லை என்றால் அங்கேயே இருந்துகொள்ளுங்கள்.

வாயாடி