சூரியனும் தெரிய வேண்டும், முகமும் தெரிய வேண்டும்

மாசி, செவ்வாய்

உறுதியானது: நெசவாளர் சுகுணாவின் ஆட்சேபணை மனுவோடு இணைத்த புகைப்படம் ஆதாரமாக ஏற்கப்படாது. சொன்னவர் நகராட்சிப் பொறியாளர். நேரில், அவர் அறையில், காலை 11.20. புகைப்படம் நான் எடுத்தது.

காலையில் பனி. கேமரா பேட்டரியில் சார்ஜ் நிற்பதில்லை. குக்கர் கேஸ்கெட் வாங்க வேண்டும், மனைவி ஸ்டெல்லாவின் மூன்றாம் நினைவூட்டல்.

பின்னால் புரட்டும்போது எனக்கே மறந்துவிடும், அதனால் முழுதாக. மார்க்கெட்டுக்கு வரும் லோடு வண்டிகளை விடியற்காலை நான்கு முதல் ஒன்பது வரை சுகுணாவின் தெருவில் நிறுத்த நகராட்சி முடிவு. காரணமாக எழுதியிருப்பது: அந்நேரத்தில் தெரு பயன்பாட்டில் இல்லை. அந்நேரத்தில்தான் அங்கே பாவு நீட்டுகிறார்கள். மூன்று புடவைக்கான பட்டு இழை முழுவதும் ஒரே நீளமாக. எந்த வீட்டுக்குள்ளும் அடங்காது. இழுத்துக் கட்டி, அறுந்த இழையை முடிந்து, சுருட்டி எடுக்க வேண்டும். வெயில் ஏறினால் பட்டு காய்ந்து அறுபடும். விடியலை விட்டால் வேறு நேரம் இல்லை. தெரு போனால் பாவு இல்லை, பாவு இல்லாவிட்டால் தறி நிற்கும். சுகுணா வீட்டில் தறி தவிர வேறு பிழைப்பு இல்லை. கணவருக்கு முதுகு போய் இரண்டு வருடம், தறி மிதிப்பவர் சுகுணாதான்.

மனுவோடு அவர் கொடுத்தது பொங்கலுக்கு எங்கள் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்த படம். தெருக்கோடியில் சூரிய உதயம், முன்னால் பாவு பிடித்து நிற்கும் உருவங்கள்.

பொறியாளர் படத்தை ரசித்தார். அதுதான் எரிகிறது.

"படம் சூப்பரா இருக்கு சார், காலண்டர்லயே போடலாம். ஆனா இதுல யாரு இருக்காங்க? எல்லாம் கறுப்பா நிக்குது. எந்தத் தெரு? காலையா சாயங்காலமா, அதுவே தெரியலையே."

என்ன கொடுத்தால் ஏற்பீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். கோப்பில் ஒட்டுகிற மாதிரி ஒரே படம். தனித்தனிப் படம் என்றால் வேறு வேறு நாள் எடுத்தது என்பார்களாம். இரண்டு படத்தைக் கம்ப்யூட்டரில் சேர்த்தது கூடாது. கேமரா காட்டும் நேரத்தை யாரும் மாற்றலாம், அதுவும் செல்லாது. சூரியன் தெரிந்தால் நேரத்தை ஒத்துக்கொள்வார். கிழக்குக் கோடியில் உள்ள தண்ணீர் டேங்க் தெரிந்தால் தெருவை ஒத்துக்கொள்வார். முகம் தெரிந்தால் ஆளை ஒத்துக்கொள்வார். விசாரணை வரும் திங்கள் 11 மணி.

அவர் ஆட்கள் நடத்திய ஆய்வறிக்கை நகல் ஒன்றும் கொடுத்தார். போன மாதம் கடைசிப் புதன், காலை 6.10, தெருவில் எவரும் இல்லை. மூன்று முறை படித்துவிட்டேன். எவரும் இல்லையாம்.

மாலை பத்திரிகை டெஸ்க்குக்குப் போன் செய்து, பக்கம் போடும் பாஸ்கரைத் திட்டினேன். வானத்தைச் சிவப்பாக்குகிறேன் என்று படத்தைக் கருக்கியது யார் என்று. அவன் பொறுமையாகச் சொன்னான், ஆரஞ்சு மட்டும்தான் ஏற்றினோம், கறுப்பு நீங்கள் அனுப்பியதிலேயே இருந்தது சார்.

மூலப் படத்தைத் திறந்து பார்த்தேன். உண்மை. சூரியனை வைத்தே ஒளி அளந்திருக்கிறேன். உருண்டையாக, விளிம்பு கெடாமல், முதல் பக்கத்துக்கு வரட்டும் என்று. முப்பத்தொரு வருடம் செய்தி எழுதியவன். எட்டுப் பேரைக் கரியாக்கி அனுப்பியிருக்கிறேன்.

புதன்

பனி குறைவு. வண்டி பஞ்சர், களம்பூர் சாலையில் நாற்பது நிமிடம் வீண்.

சுகுணா தறியை விட்டு இறங்காமலே பேசினார்.

"சூரியன ஜோரா எடுத்துகினீங்க சார். நாங்க எட்டு பேரு நின்னோம், ஒருத்தர் மூஞ்சியாவது தெரியுதா? என் வூட்டுக்காரரே இது நீயான்னு கேக்கறாரு."

அடுத்த பாவு எப்போது என்று கேட்டேன்.

ஒரு வீட்டுக்குப் பாவு தினமும் கிடையாது. ஒன்று நீட்டினால் மூன்று புடவை நெய்து முடிக்கும்வரை அடுத்தது இல்லை. படத்துக்காக இன்னொரு தடவை நீட்டுங்கள் என்று கேட்க முடியாது. திங்களுக்குள் யார் யார் என்று கேட்டுக் குறித்தது:

வியாழன்: ஏழுமலை (சுகுணாவின் கொழுந்தனார்). சந்தன நிறம்.
வெள்ளி: மேற்குக் கோடி வீடு. கிளிப்பச்சை.
ஞாயிறு: சுகுணா. அரக்கு.

மூன்று காலை. அவ்வளவுதான்.

வியாழன்

5.50க்குத் தெருவில். தெளிந்த வானம். உதயம் 6.31.

முதல் தொல்லை: படம் எடுக்கிறார்கள் என்று எல்லோரும் தலை வாரி, பவுடர் போட்டு, சரியாகக் கிழக்கே திரும்பி நின்றார்கள். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டுமாம், கல்யாண போட்டோகிராபர் சொல்லிக் கொடுத்தது. கேமராவில் எனக்குக் கிடைத்தது எட்டு முதுகு. திருப்பி நிறுத்துவதற்குள் சூரியன் கூரைக்கு மேல்.

இரண்டாவது என் மடத்தனம். முகத்தைச் சேர்க்க வேண்டும் என்று மொத்தக் காட்சிக்கும் ஒளி அளக்கும்படி கேமராவை வைத்திருந்தேன். படத்தில் பாதி சந்தன நிறப் பட்டு. எதிர்வெயிலில் அது கண்ணாடி மாதிரி அடிக்கிறது. தெருவே வெளிச்சம் என்று கேமரா நினைத்துக்கொண்டு மொத்தத்தையும் இருட்டாக்கிவிட்டது. பட்டு மட்டும் பளபள. ஆட்கள் மறுபடி கரி. பட்டை வைத்து அளக்கக் கூடாது என்று இந்த ஊரில் பிறந்து, இந்தப் பட்டையே படம் எடுத்துப் பிழைத்த எனக்குத் தோன்றவில்லை.

கவனித்தபோது 6.39. பாவைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்கள். ஒரு நிமிடம் நிறுத்தச் சொன்னேன். ஏழுமலை நிறுத்தவில்லை. வெயில் ஏறிவிட்டது. அவர் செய்தது சரி.

டீ இல்லை, டிபன் இல்லை, நேராக வீடு. கேஸ்கெட் வாங்கவில்லை.

வெள்ளி

மேகம். கிழக்கு முழுக்க மூடி, எருமை நிறம்.

இதைவிடக் கொடுமை என்னவென்றால், அந்த வெளிச்சத்தில் முகங்கள் அருமையாக விழுந்தன. நிழல் இல்லை, வெளிச்சக் கூச்சம் இல்லை, மூக்குத்திகூடத் தெரிகிறது. கிளிப்பச்சை கிளிப்பச்சையாகவே. டேங்க் தெளிவாக. சூரியன் மட்டும் இல்லை. காலை ஆறரையா மத்தியானம் மூன்றா, யாரும் சொல்ல முடியாது. பொறியாளர் நிச்சயம் சொல்ல மாட்டார்.

தெருவில் நின்று வானத்தைப் பார்த்துக் கத்திவிட்டேன். பெண்கள் இருக்கிறார்கள் என்பதும் மறந்து, கெட்ட வார்த்தை.

ஏழுமலை வந்து தோளைத் தொட்டார். "வானத்த திட்டி இன்னா பண்றது சார், அதுக்கு காது கீதா? பேஜார் பண்ணிக்காதீங்க. வாங்க, டீ சாப்டலாம்."

சாப்பிட்டேன். சர்க்கரை அதிகம்.

சனி

பாவு இல்லாத நாள். ஒத்திகை.

மொட்டை மாடியில் ஸ்டெல்லாவைக் கிழக்குக்கு முதுகு காட்டி நிறுத்தினேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவ்வளவு நேரம் நீங்கள் என்னைப் பார்த்ததில்லை என்றார். ஐஎஸ்ஓ 200, எஃப் 8, மாற்றவே இல்லை. ஷட்டர் மட்டும்:

1/500: சூரியன் உருண்டை. ஸ்டெல்லா அடுப்புக்கரி.
1/60: ஸ்டெல்லா சரி. வானம் வெள்ளைத்தாள், சூரியன் அதில் கரைந்து போனது.
1/125: முகம் கொஞ்சம் மங்கல், ஆனால் ஸ்டெல்லாதான். வானம் வெளிறல். சூரியன் இன்னும் கரைகிறது.

கடைசியில் நான் இரண்டடி நகர்ந்து, பக்கத்து வீட்டு நீர்த்தொட்டியின் விளிம்பில் சூரியனைப் பாதி மறைத்தேன். கூச்சம் பாதியானது. 1/125இல் மீதிப் பாதி தெரிகிறது, முகமும் தெரிகிறது. ஒளி அளக்க வேண்டியது வானத்தை அல்ல, பட்டை அல்ல, கையை. முழங்கைக்குக் கீழே, வெயில் படாத பக்கம்.

தெருவில் பெரிய டேங்க் இருக்கிறது. இந்த மாதம் சூரியன் அதற்கு இடப்பக்கம் எழுகிறது. மேலே ஏற ஏற வலப்பக்கம் சாயும், டேங்கின் தூணுக்குப் பின்னால் வரும். நாளுக்கு நாள் வடக்கே நகர்கிறது, கிட்டத்தட்ட அதன் அகலம் அளவுக்கு. வியாழக்கிழமை நின்ற இடத்தில் ஞாயிறு நிற்கக் கூடாது. வலப்பக்கம் இரண்டு எட்டு.

அழகு இருக்காது. இந்தப் படத்தை இளைஞன் ஒருவன் என்னிடம் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

மதியம் சுகுணா வீடு. நாளைக்கு எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லப் போனேன். பையில் ஆய்வறிக்கை நகல் இருந்தது, படித்துக் காட்டினேன். போன மாதம் கடைசிப் புதன், 6.10, எவரும் இல்லை.

சுகுணா தறியை நிறுத்தினார். விரலில் எண்ணினார்.

"அன்னிக்கி அமாவாசைங்க."

அமாவாசையில் இந்தத் தெருவில் எவரும் தறியில் உட்கார மாட்டார்கள். பாவு நீட்ட மாட்டார்கள். மாதத்தில் அந்த ஒரு நாள் லீவு. ஊருக்கே தெரியும். செவ்வாயிலிருந்து தாள் என் பையில் இருக்கிறது. தேதியைப் படித்தேன், நேரத்தைப் படித்தேன், கையெழுத்தைப் படித்தேன். காலண்டரைத் திருப்பிப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் தொங்குவது திருச்சபை காலண்டர், அதில் அமாவாசை போடுவதில்லை. இது ஒரு சாக்கா? ஊரில் ஐம்பத்தெட்டு வருடம்.

வாசலில் இருந்த ஏழுமலைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சூரியனையே பாத்துகினு இருந்துட்டு சந்திரன கோட்ட வுட்டீங்களே சார்."

சுகுணா சிரிக்கவில்லை. "தெரிஞ்சே அன்னிக்கி வந்தானுங்களா, தெரியாம வந்தானுங்களா?"

தெரியவில்லை என்றேன். உறுதி செய்ய முடியாததைச் சொல்வதில்லை. நகலைச் சுகுணாவிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிறு

காலை ஆராதனைக்குப் போகவில்லை. ஸ்டெல்லா தனியாக. "ஆண்டவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. பாஸ்டர் கேப்பாரு, நான் பாத்துக்கறேன்."

5.45. வானம் சுத்தம். லேசான பனி, நல்லது, கூச்சத்தைக் குறைக்கும். அரக்குப் பாவு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கவில்லை, குடித்துவிடுகிறது. சுகுணாவை முதல் ஆளாக, கேமராவுக்குப் பத்தடியில் நிறுத்தினேன். என்னைப் பார்க்க வேண்டாம், இழையைப் பாருங்கள் என்றேன். அவர் எப்படியும் இழையைத்தான் பார்ப்பார்.

6.29 உதயம். காத்திருந்தேன். முழு வட்டம், சிவப்பு, டேங்குக்கு இடப்பக்கம். எடுக்கத் துடிக்கிற காட்சி. எடுக்கவில்லை. பேட்டரி ஒரு கோடு.

6.34. தூண் பாதி மறைத்தது. சுகுணாவின் முழங்கையில் அளந்தேன். 1/125. அறுந்த இழை ஒன்றை அவர் பல்லில் கடித்து முடிந்துகொண்டிருந்தார். பதினொரு படம். பேட்டரி முடிந்தது.

6.41 பாவு சுருட்டியாகிவிட்டது.

வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தேன். வானம் வெளுத்த வேட்டி. சூரியன் தூணில் ஒட்டிய சுண்ணாம்புப் பொட்டு. டேங்க் இருக்கிறது. சுகுணா இருக்கிறார், நெற்றிச் சுருக்கம்வரை. பின்னால் ஏழு பேர், நான்கு பேரைப் பெயர் சொல்லலாம். பாவு தெருக்கோடிவரை.

பாஸ்கருக்கு அனுப்பினேன். வெளுத்துப் போச்சு சார், போட முடியாது, பொங்கல் படம் மாதிரி ஒன்று கிடைக்குமா என்றான். போனை வைத்துவிட்டேன்.

திங்கள்

விசாரணை 11 என்று சொல்லி 12.15க்கு. நகராட்சி ஆணையர் நாற்காலியில், பொறியாளர் பக்கத்தில். சுகுணா, ஏழுமலை, தெருவிலிருந்து ஆறு பேர். நான் சுவரோரம். செய்தியாளனா சாட்சியா என்று ஆணையர் கேட்டார். படம் எடுத்தவன் என்றேன்.

பொறியாளர் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். எதிரே நின்ற சுகுணாவைப் பார்த்தார், மறுபடி படத்தை.

"போன படம் அளவுக்கு வரலையே சார். வானம்லாம் வெளுத்திருக்கு."

"ஆமாம். ஆள் தெரியுதா?"

முத்திரை போட்டு வாங்கிக்கொண்டார்.

சுகுணா ஆய்வறிக்கையை எடுத்து ஆணையர் மேசையில் வைத்தார். குரல் உயரவில்லை. "அமாவாசையில வந்து ஆள் இல்லன்னு எழுதிகினு போயிருக்காங்கய்யா. ஞாயித்துக்கெழம ஆபீசுக்கு வந்து பூட்டிகினு இருக்குதுன்னு நாங்க எழுதினா ஒத்துப்பீங்களா?"

அமாவாசைக்கு என்ன ஆதாரம் என்று பொறியாளர். காலண்டர் அவர் தலைக்கு மேலேயே தொங்கியது. ஆணையர் எழுந்து தானே தாளைத் திருப்பினார். பார்த்தார். உட்கார்ந்தார். அவர் முகத்திலிருந்து எதையும் ஊகித்து எழுதப் போவதில்லை.

எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஜனவரியிலேயே முழங்கையில் அளந்திருந்தால் இந்தப் பெண்மணி இன்று அங்கே நின்றிருக்க வேண்டாம்.

கேஸ்கெட் வாங்கியாகிவிட்டது. பேட்டரி வேலூரிலிருந்து வர வேண்டும்.

நிலுவை: ஆணையர் உத்தரவு. புதன் மாலை 4 மணி, அறிவிப்புப் பலகையில். சொன்னவர் அலுவலகக் கண்காணிப்பாளர். வியாழன் விடியலில் வடக்கு வரிசையில் ஒரு வீட்டுக்குப் பாவு தயார், மயில் நீலம். தெருவில் நீட்டுவதா என்பதைப் புதன் நான்கு மணிக்குப் பிறகு சொல்வதாகச் சுகுணா.