கயிற்றை வாங்கியவன்

அண்ணா,

இன்று காலை பசு, பழைய தாம்புக் கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்துக் கேழ்வரகுக் கொல்லையில் இறங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் ஒரு விடுமுறையில் நீ கொண்டுவந்து, பரண்மேல் கிடந்த கப்பல் கயிற்றை எடுத்தேன். இத்தனை வருடம் கழித்தும் அதில் எண்ணெயும் உப்பும் நாறுகிறது. மாட்டைக் கட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உன்னோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.

ஒடுகத்தூரிலிருந்து நீ கப்பல் வேலைக்குப் போனபோது, "ஏரியில நீந்தத் தெரியாதவன் கடலுக்குப் போறான்" என்று ஊரே சிரித்தது. எழுபதுகளின் கடைசியில் ஒரு விடுமுறைக்குத் தோளில் வெட்டுக்காயத்தோடு இந்த மலையடிவார வீட்டுக்கு வந்து நின்றாய். ஆப்பிரிக்கக் கரையில் ஏதோ துறைமுகம். உள்ளே இடமில்லாமல் கப்பல்கள் மாதக்கணக்கில் கடலிலேயே காத்துக் கிடந்தனவாம். விடியற்காலையில் சின்னப் படகுகளில் வந்தவர்கள் கொக்கி போட்டு ஏறி, கயிற்றையும் பெயிண்ட் டின்களையும் அள்ளிக்கொண்டு, தடுத்த உன்னை வெட்டிவிட்டுப் போனார்கள்.

"கயித்துக்கும் பெயிண்ட்டுக்கும் ஆள வெட்டுவானுங்களா? கண்டதும் சுட்டுப் போடணும் மாப்ள" என்று என் வீட்டுக்காரரிடம் கத்தினாய். காட்டிலாகாவில் காவல் வேலை பார்க்கிற மனிதர், கேட்க வேண்டுமா? "நல்லா சொன்னீங்க மச்சான்" என்றார்.

மறுநாள் மத்தியானம் அவர் சந்தனக்கட்டையோடு ஓர் ஆளைப் பிடித்துக் கட்டி இழுத்து வந்தார். யாரென்று பார்த்தால் வெள்ளையன். வருடா வருடம் மேலேயிருந்து நமக்குச் சாமையும் தேனும் கொண்டுவருகிறவன்.

"மொதல்ல கட்ட அவுத்து சோறு போடலாம். அப்பறம் ஆபீசுக்கு இட்டுனு போங்க" என்றேன்.

அவன் சாப்பிடும்போது நீ கேட்டாய்: "யாருக்குடா வெட்ன?"

"பேர் சொன்னா எம் பொண்டாட்டி புள்ளைங்க மலையில இருக்க முடியாதுங்க. மழ இல்ல, சாம வெளையல. கட்ட குடுத்தா அரிசி குடுக்கறாங்க."

வாங்குகிறவன் யாரென்று மலைக்கே தெரியும். கீழே கோயில் திருவிழாவில் அவனுக்குத்தான் முதல் மரியாதை.

அன்று நீ சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலம் உன் பேச்சே மாறிவிட்டது. உன் கப்பலில் ஏறி வந்தவர்களும் மீனவர்கள்தானாம். வெளிநாட்டுப் பெரிய படகுகள் வந்து மீனை வழித்துக்கொண்டு போய்விட்டன. எண்ணெய் கிடைத்து நகரம் கொழுத்தது, அவர்கள் குப்பத்துக்கு ஒன்றும் வரவில்லை. எந்தக் கப்பலில் என்ன இருக்கிறது என்று துறைமுகத்துக்குள்ளிருந்தே ஆள் சொல்லிவிடுகிறான். திருடிய கயிறு பட்டப்பகலில் கடையில் தொங்குகிறது.

"எய்தவன் இருக்க அம்ப நொந்த கதைதான் மாப்ள."

"அம்பு குத்தினது வலிக்கலையா மச்சான்?"

தோளைத் தடவிக்கொண்டு சிரித்தாய். "வலிக்குது. அதனால ரெண்டும் வேணும். கப்பல்ல முழிச்சினு இருக்கணும், வெளக்கு போடணும், ஏற வுடாம தண்ணி பீச்சி அடிக்கணும். கரையில வாங்கறவனப் புடிக்கணும், மீன்காரனுக்கு மீன வுட்டு வைக்கணும். ஒண்ண வுட்டுட்டு ஒண்ணு செஞ்சா அவன் திரும்பி வருவான்."

திரும்பப் போகாதே என்று அழுதேன். "போகாம இன்னா பண்றதுமா? வெள்ளையன் காட்டுக்குப் போறான், நான் கப்பலுக்குப் போறேன்" என்றாய். உனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அடுத்த முறை தந்திதான் வந்தது. அதே துறைமுகம். உன்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் பிறகு வீடு தேடி வந்து சொன்னார்: "ஏறி வந்தவன் கையை உங்க அண்ணன் கெட்டியாப் பிடிச்சுட்டாருங்க. அவன் மூஞ்சியப் பார்த்தாரு. என்ன நினைச்சாரோ, விட்டுட்டாரு. பின்னால ஏறினவன் கட்டையால அடிச்சுட்டான்."

ரெண்டும் வேணும் என்று சொன்னவன் நீதானே? அப்புறம் ஏன் விட்டாய்? அந்த முகத்தில் வெள்ளையனைப் பார்த்தாயா? அன்று அவன் கட்டை அவிழ்த்துச் சோறு போடச் சொன்னது நானாயிற்றே என்று மனம் கிடந்து அரிக்கிறது. சொன்னது தப்பென்றும் தோன்றவில்லை. எனக்கு உன்மேல் கோபம், அண்ணா. உன்னைக் கொன்றவன்மேல் அதைவிடக் கோபம்.

வெள்ளையன் ஜெயிலிலிருந்து வந்துவிட்டான். புளி கொண்டுவந்தால் சோறு போடுகிறேன். சில நாள் அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் உள்ளே போய்விடுகிறேன். எங்கேயோ கப்பலில் ஏறியவர்களைச் சுட்டார்கள் என்று ரேடியோ சொன்னால் வீட்டுக்காரர் "நல்லா வேணும்" என்கிறார். நானும் அதையேதான் சொல்கிறேன். சொல்லிவிட்டு, வாங்கினவன் பேரைச் சொல்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். இதுவரை சொன்னதில்லை.

நீ விட்ட அந்தக் கை யாருடையதென்று எனக்குத் தெரியாது. அதை இப்போது நான்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அண்ணா. முறிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.