கென்ஜி வாங்கிய திட்டு

என் அருமைத் தறுதலைத் தம்பி கென்ஜிக்கு,

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. ரங்கூனில் கரண்ட் இப்போதும் அப்படித்தான், விருந்தாளி மாதிரி வந்து போகிறது. மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் என் மாடிக்குக் கீழே ஜெனரேட்டர் கத்துகிறது. உன் டிரம்பெட்டைவிட அதற்குச் சுருதி சுத்தம் என்றால் உனக்குக் கோபமா வரும்? இன்னொரு முறை சொல்லச் சொல்லிச் சிரிப்பாய்.

உன் ஊர் டிவியில் நீ பெரிய நகைச்சுவைக்காரனாம். நாங்கள் யாரும் நம்பவில்லை. ஓட்டலில் ஜாஸ் வாசிக்க ஒரு மாதத்துக்கு வந்தவன் இங்கேயே தங்கிவிட்டாய். யாருக்கடா வரும் அந்தக் கிறுக்கு?

கேட்பவர் கண் கலங்க ஊதிக்கொண்டே போய், கடைசிச் சுரத்தை வேண்டுமென்றே கெடுப்பாய். நான் பேஸ் கிட்டார் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தமிழில் கத்துவேன்: "அடேய் கூறுகெட்டவனே! வாசிக்கச் சொன்னா வாந்தி எடுக்குறியே!" ஒரு வார்த்தையும் புரியாத பர்மாக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நீ கைகட்டித் தலைகுனிந்து நிற்பாய். உனக்குத் தெரிந்த தமிழே அந்தத் திட்டும், என் தம்பிமார் அண்ணனைக் கூப்பிடுகிற 'நானா'வும்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை உன்னிடம் மறைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்சம் கஞ்சி குடிக்கிறியா ராசா?" என்று மெதுவாகக் கேட்டேன். நீ என் முகத்தையே பார்த்துப் பர்மியில் கேட்டாய்:

"நானா, திட்டு இல்லையா?"

திட்ட எனக்கு வாய் வரவில்லை. அதிலேயே உனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, இல்லையா?

அதற்குப் பிறகு நான் மேடை ஏறவில்லை. போன சனிக்கிழமைதான் நம் வாத்தியக்காரர்கள் பிடித்து இழுத்துப் போனார்கள். உன் இடத்தில் இப்போது தாமுவே பேட்டையிலிருந்து மா நீலார் என்றொரு பெண் ஊதுகிறாள். கெட்டிக்காரி. கடைசியில் உன்னைப் போலவே தப்பாக ஊதிவிட்டுக் கைகட்டி நின்றாள். ஹால் முழுக்க என்னைப் பார்த்தது. நான் குனிந்து பேஸுக்குச் சுருதி சேர்ப்பதுபோல் இருந்துவிட்டேன், தம்பி. ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

இறங்கியதும் என்னிடம் வந்து, பெரியவர்களுக்குப் போடும் 'ஊ' போட்டுப் பர்மியில் கேட்டாள்: "ஊ காசிம், திட்டுறதுக்குக்கூட என்னைப் பிடிக்கலையா?" கேட்டுவிட்டு அழுதாள்.

உன்னைத் திட்டிய வாய் உன்னோடு போகட்டும் என்றுதான் இருந்தேன். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள், சொல்லு?

அல்லாஹ் அறியச் சொல்கிறேன். இந்தச் சனிக்கிழமை அவள் தப்பாக ஊதட்டும். ஆஸ்பத்திரியில் உனக்குத் தராமல் விட்டதையும் சேர்த்து, ஹால் அதிரத் திட்டுவேன். அழாமல் திட்டுவேனா என்று மட்டும் கேட்காதே.

இப்படிக்கு,
உன்னோடு கூடப்பிறக்காத
காசிம் நானா