பரஸ்தூவின் கிண்ணம்

ஆசர் மாதம் 3, சனி

அஃப்ஷார் சாரின் டிசைன் வகுப்பு. கண்ணை மூடிக் கவிதைத் தொகுப்பைத் திறந்து, விரல் படும் வரியிலிருந்து ஒரு பொருளை உருவாக்க வேண்டும். சிறந்தது தெஹ்ரான் கண்காட்சிக்குப் போகும். எனக்கு வந்தது: 'மூடிய கதவுக்குப் பின்னாலும் மாதுளை பழுக்கும்.' விடுதியில் என் பக்கத்து அறை பரஸ்தூவுக்கு: 'கையில் இருக்கும்வரை மண்; கொடுத்த பின்தான் கிண்ணம்.'

நல்ல வரிகூட அவள் விரலைத் தேடித்தான் போகிறது.

ஆசர் 6

வயிறு எரிகிறது. மரத்தட்டில் என் வரியை அழகான எழுத்தில் செதுக்கிச் சாரிடம் கொண்டுபோனேன்.

"மெஹ்ராவே, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமாம்மா? வரிய எழுதிட்ட. மாதுளை எங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். பரஸ்தூ மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

ஆசர் 8

சூளையிலிருந்து வந்த கிண்ணத்தைப் பரஸ்தூ தன் அறையில் காட்டினாள். அடிப்பாகம் உருண்டை. கீழே வைத்தால் சாய்ந்துவிடும். இன்னொருவர் கையில் கொடுத்துத்தான் ஆக வேண்டும். எனக்கு ஏன் இது தோன்றவில்லை? தாங்கமுடியாமல், "என்ன அழகுடீ!" என்று சொல்லிவிட்டேன்.

"உனக்கேதான். எடுத்துக்கோ."

"ஐயோ, உன் கையிலதான் அழகு" என்று நான் மறுத்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த உபசாரம்: பேச்சுக்குக் கொடுப்பார்கள், மறுக்க வேண்டும். டாக்ஸிக்காரர்கூட முதலில் "காசு வேண்டாம்" என்றுதான் சொல்வார். யார் கொடுக்காமல் இறங்குகிறார்கள்?

நான் "சரி" என்றேன்.

அவள் முகம் ஒரு கணம் — பிறகு துணியில் சுற்றிக் கொடுத்தாள். சனிக்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். திருப்பிக் கேட்க அவளுக்கு வாய் வராது. தெரிந்துதானே எடுத்தேன்?

ஆசர் 9

கேட்கவில்லை.

ஆசர் 10, சனி

பரஸ்தூ வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"கிண்ணம் எங்கம்மா?"

"அழகா இருக்குன்னு ஒருத்தங்க சொன்னாங்க சார். குடுத்துட்டேன்."

வரைபடத்தைக் காட்டி, வரியை வாசித்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுக்கு மேல இந்த வரிய யாராலயும் செய்ய முடியாது" என்றார். தெஹ்ரானுக்கு அவள்தான். கண்காட்சியில் கிண்ணம் இல்லாத காலிப் பீடம், பக்கத்தில் அந்த வரி, அவ்வளவே போதுமாம்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். நான் எடுக்காமல் இருந்திருந்தால் அது வெறும் நல்ல கிண்ணம்!

ஆசர் 13

பொறுக்கமுடியாமல் கிண்ணத்தை அவளிடமே கொண்டுபோய் நீட்டினேன். வாங்கவில்லை. மறுபடியும் நீட்டினேன். மறுபடியும் வாங்கவில்லை.

"அன்னிக்கே ஏன்டி திருப்பிக் கேக்கல?"

"எப்படிக் கேப்பேன்? என் வேலைய நல்லாருக்குன்னு நீ ஒரு நாளும் சொன்னதில்ல. அன்னிக்குச் சொன்ன. உன் ரூமுக்கும் எடுத்துட்டுப் போன. எனக்கு அவ்ளோ சந்தோஷம்டீ."

தேநீர் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிண்ணத்தோடு திரும்பி வந்தேன்.

சந்தோஷம் என்று அவள் சொன்னது வெறும் உபசாரப் பேச்சாக இருந்துவிடக் கூடாதா, கடவுளே.