எதிர்மனுதாரர் விலாசம்

போவன்பள்ளி, செகந்திராபாத்
9 ஜூன் 2003

அன்புள்ள அம்மாவுக்கு,

காஞ்சனா அநேக நமஸ்காரம். அப்பாவுக்கு ஆபரேஷன் தையல் நன்றாக ஆறிவிட்டதா? சாயங்காலம் தெருமுனை வரையாவது நடக்கிறாரா? இங்கே வெயில் இன்னும் விட்டபாடில்லை. பட்டான்செருவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வீடு வந்து சேர்வதற்குள் வதங்கிப்போகிறேன்.

போனில் ஆரம்பித்தால் நீங்கள் அழுகிறீர்கள், நான் சத்தம் போட்டுவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன். விவாகரத்துக்கு மனுப் போடப் போகிறேன். வக்கீல் ப்ரியம்வதாவிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. கல்யாணப் பத்திரிகையும் போட்டோவும் கொடுத்தாயிற்று.

ஆறு மாதத்தில் உன்னையும் அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லித்தான் உங்கள் பிள்ளை அமெரிக்கா போனார். அங்கே வேலை போனதும் என்னோடு பேச்சும் நின்றது. வேலை போனது அவர் தப்பில்லை. இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை பேசாமல் இருப்பது அவர் தப்புத்தான்.

மனுவில் எதிர்மனுதாரர் விலாசம் என்ற இடம் மட்டும் பாக்கி. எனக்குத் தெரிந்த நியூஜெர்சி விலாசத்துக்குப் போட்ட ரிஜிஸ்தர் தபால் திரும்பி வந்துவிட்டது. உங்களிடம் அவர் பேசிக்கொண்டுதானே இருக்கிறார்? விலாசத்தை எழுதி அனுப்புங்கள்.

உங்கள் மாட்டுப்பெண்,
காஞ்சனா


மன்னார்குடி
18 ஜூன் 2003

சௌபாக்கியவதி காஞ்சனாவுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் வந்தபோது இவர் தூங்கிக்கொண்டிருந்தார். படித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! மனசுக்குச் சின்ன அதிர்ச்சிகூடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பது உனக்குத் தெரியாதா?

அச்யுத் போன ஞாயிற்றுக்கிழமைகூடப் பேசினான். உன்னை விசாரித்தான். வேலை நிலையாக இல்லாததால் ஊர் ஊராக மாறிக்கொண்டிருக்கிறானாம். ஓரிடத்தில் உட்கார்ந்ததும் விலாசம் தருகிறேன் என்றான். தீபாவளிக்கு வந்தாலும் வருவான். அதுவரை பொறுக்கக் கூடாதா? வேறு கல்யாணம் செய்துகொள்ளும் எண்ணமா? மறைக்காமல் எழுது.

இவர் அத்தை பிள்ளை ராமச்சந்திரன் அங்கே வருகிறான். அவனிடம் மாவடு கொடுத்தனுப்புகிறேன். எண்ணெய் படாத கரண்டியால் எடு. வேளைக்குச் சாப்பிடு.

அம்மா
ஜலஜா


போவன்பள்ளி
7 ஜூலை 2003

அன்புள்ள அம்மாவுக்கு,

நமஸ்காரம். மாவடு வந்தது. லேபில் என்னோடு வேலை செய்யும் பெண்கள் பாதியைத் தீர்த்துவிட்டார்கள்.

மனுவைத் தாக்கல் செய்யப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்தவர் தாளைப் புரட்டிவிட்டு, "அட்ரஸ் எங்கேம்மா?" என்றார். தெரியாது என்றேன். "புருஷன் அட்ரஸ் தெரியாதா?" என்று அந்த ஹாலுக்கே கேட்கும்படி கேட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "தெரிஞ்சிருந்தா இங்கே எதுக்கு சார் வரேன்?" என்றேன். அவர் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இனி என்ன வழி என்று வக்கீல் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இந்தியாவில் அவருடைய நிரந்தர விலாசம் என்று உங்கள் வீட்டைப் போடலாமாம். நோட்டீஸ் அங்கே வரும். ஆள் இல்லை என்று திரும்பினால், உங்கள் பக்கம் விற்கும் தமிழ்ப் பேப்பரில் விளம்பரம் கொடுக்கக் கோர்ட் உத்தரவு போடும். அப்பா பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பவர். தன் பிள்ளை பெயரை அவர் அப்படிப் பார்க்க வேண்டாம் என்றுதான் உங்களிடம் கெஞ்சுகிறேன்.

வேறு கல்யாணத்துக்காக இல்லை அம்மா. செய்துகொண்டாலும் தப்பில்லை. வீட்டு ஓனரிலிருந்து பேங்க் மேனேஜர் வரை எல்லாரும் "சார் எப்போ வரார்?" என்கிறார்கள். இனிமேல் வர மாட்டார் என்று ஒரு பதில் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்க வேண்டும்.

தீபாவளி வரை பொறுக்க மாட்டேன்.

காஞ்சனா


மன்னார்குடி
15 ஜூலை 2003

காஞ்சனாவுக்கு,

கொடுக்க என்னிடம் விலாசம் இல்லை.

எங்களோடும் அவன் பேசி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. கூடத் தங்கியிருந்த பையனைப் பிடித்துக் கேட்டேன். "நன்னாத்தான் இருக்கான் மாமி, யாரோடயும் பேச இஷ்டமில்லைங்கறான்" என்றான். ஆபரேஷனுக்கு முன்னால் இவர் "அவன் பேசினானா?" என்று கேட்டபோது, பேசினான் என்று வாயில் வந்துவிட்டது. அப்புறம் நிறுத்த முடியவில்லை. உன்னிடமும் அதையே சொன்னேன். நீயும் நம்பினாயே, அது எனக்கு ஒரு தெம்பாக இருந்தது.

பேப்பரில் மட்டும் வேண்டாம் அம்மா.

ஜலஜா


போவன்பள்ளி
22 ஜூலை 2003

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை பஸ்ஸில் வைத்துப் படித்தேன். இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். நீங்கள் சொன்ன ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையையும் நம்பி, அடுத்த வாரம் முழுக்க போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நீங்களும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தீர்கள் என்பது இப்போது தெரிகிறது.

மனுவை நிறுத்த மாட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டு விலாசத்தோடு தாக்கல் செய்கிறேன். நகல் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். நோட்டீஸ் வருவதற்கு முன்னால் அப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். தனியாகச் சொல்ல பயமாக இருந்தால் போனில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், லீவு போட்டுவிட்டு வருகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேருமாகச் சொல்லுவோம்.

காஞ்சனா


மன்னார்குடி
19 ஆகஸ்ட் 2003

சிரஞ்சீவி காஞ்சனாவுக்கு அநேக ஆசீர்வாதம்.

சொல்லிவிட்டேன். டாக்டரிடம் ஓடும்படி எதுவும் ஆகாமல் தெய்வம் காப்பாற்றியது. காலையில் மாத்திரை கொடுத்துவிட்டுச் சொன்னேன். இவர் மத்தியானம் சாப்பிடவில்லை. நான் அழுதுகொண்டு சமையலறையிலேயே இருந்தேன். சாயங்காலம் தானே வந்து, "அந்தப் பொண்ணு ரெண்டு வருஷமா தனியா கிடந்தாளா?" என்றார். ஆமாம் என்றேன். "என்னண்டை ஏண்டி சொல்லலை?" என்று ஒருதரம்தான் குரலை உயர்த்தினார். அப்புறம் உன் மனு நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார்.

நேற்று நோட்டீஸ் வந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். இவரே வாசலுக்குப் போய் கோர்ட் ஆளிடம், "என் பிள்ளைதான். இங்கே இல்லை. எங்கே இருக்கான்னு பெத்தவாளுக்கே தெரியாது. அப்படியே எழுதிண்டு போப்பா" என்றார்.

பேப்பரில் போடட்டும் என்கிறார். வெறும் அச்யுத் என்று போட்டால் யாருக்குத் தெரியும், ராமசுவாமி குமாரன் என்று அப்பா பெயரோடு முழுசாகப் போடச் சொல் என்கிறார். எனக்கு அந்த தைரியம் இல்லை. அன்றைக்கு நான் பேப்பரைப் பிரிக்க மாட்டேன்.

இன்னொன்று. வக்கீலிடம் சாட்சிக்கு யாரையும் தேட வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். இரண்டு பேருமே வருகிறோம். டாக்டரிடம் கேட்டாயிற்று, ரயிலில் போகலாம், மாடி மட்டும் ஏறக் கூடாதாம். அந்த கோர்ட்டில் லிஃப்ட் இருக்கிறதா என்று பார்த்து எழுது.

அம்மா
ஜலஜா