இன்றைக்கு எத்தனை பூ

மார்ச் 4

காலையில் நான்கு தொட்டிக்கும் தண்ணீர் விட்டேன். அக்கா பால்கனி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிகாரம் பண்ணினாள். "வேர்ல விடுடி ஊமச்சி, இலையில ஊத்தாத. எத்தனை பூ இன்னிக்கு?" ஏழு என்றேன். எண்ணிக்கை தெரிந்த பிறகுதான் அவளுக்குக் காப்பி தொண்டையில் இறங்கும். முப்பது வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் ஆயிற்றே. போன வருடம் சர்க்கரை அவள் கண் இரண்டையும் தின்றுவிட்டது. நாக்கை மட்டும் விட்டுவிட்டது.

ஒட்டுச் செம்பருத்தி. ஆரஞ்சு இதழ், நடுவில் ரத்தச் சிவப்பு, பூ ஒவ்வொன்றும் தட்டு அகலம். காலையில் விரிந்து மாலையில் சுருண்டுவிடும். மருந்துக்குக்கூட வாசம் கிடையாது. ஒருமுறை தடுக்கி விழுந்ததிலிருந்து அக்கா வாசற்படியைத் தாண்டுவதில்லை. பூ பூத்ததா இல்லையா என்று நான் சொன்னால்தான் உண்டு.

மார்ச் 9

கடையில் பதினாறு பேண்டுக்கு அடி மடித்துத் தைத்தேன். முதுகு விட்டுப்போயிற்று. வீட்டுக்கு வந்து ஆக்கிப் போட்டால், சோறு குழைந்துவிட்டதாம். தட்டைத் தள்ளிவிட்டாள். தரையைத் துடைத்தேன்.

மார்ச் 15

பக்கத்து வீட்டு நர்ஸம்மா அக்காவுக்கு ஊசி போட வந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். "உங்க தங்கச்சி ஏன் கல்யாணமே பண்ணிக்கல?" என்று கேட்டாள். அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஒருத்தன் வந்தான். இவளுக்கு வலிப்பு வரும்னு நான்தான் சொல்லிவிட்டேன். இவளைக் கட்டிக்குடுத்துட்டா எனக்கு யாரு ஆக்கிப் போடறது?"

எனக்கு ஒருநாளும் வலிப்பு வந்ததில்லை.

அவர் ஏன் திரும்பி வரவில்லை என்று இருபத்தொன்பது வருடம் கண்ணாடியில் தேடினேனே. பல்லா, நிறமா, பேச்சா? அடிப்பாவி. நீதானா? பக்கத்துலயே படுத்துக்கிட்டு, நான் அழுததைக் கேட்டுக்கிட்டு...

மார்ச் 16

ஒன்பது பூத்திருந்தது. "எத்தனை பூ?" என்றாள். "ஒண்ணுகூட இல்லக்கா" என்றேன். வாய் தானாகச் சொல்லிற்று. அவள் முகம் விழுந்ததைப் பார்த்துக்கொண்டே காப்பியைக் குடித்தேன். இனித்தது.

மார்ச் 17

இல்லை என்றேன்.

மார்ச் 24

எட்டு நாளாக வைத்தியம் சொல்கிறாள். "மொட்டு உதிருதா? இலைக்கு அடியில பாரு, மாவுப்பூச்சி இருக்கும். சோப்புத் தண்ணி தெளி. தொட்டியைக் காலை வெயில் பக்கம் திருப்பு. தழையுரம் கூடிப்போனா இலைதான் வரும், நிறுத்து." எல்லாம் செய்தேன். செடியோடு எனக்கென்ன பகை? இன்று பதினான்கு. இருட்டுவதற்குள் சுருண்டதை எல்லாம் காகிதத்தில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுகிறேன்.

ஒரு விஷயம். இவ்வளவு நாள் அவள் செடி என்று தண்ணீர் ஊற்றினேன். இப்போது கடையில் பட்டன் தைக்கும்போதுகூட நாளைக்கு எந்த மொட்டு விரியும் என்று நினைக்கிறேன். உலகத்தில் நான் மட்டுமே பார்க்கிற பூ.

ஏப்ரல் 6

அக்கா அழுதாள். அப்பா அம்மா போனபோதுகூட அழாதவள். "எனக்குத்தான் கண்ணு போச்சு. அதுக்கு என்னடி கேடு?" என்றாள். பூ இருக்கிறது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். சொல்லவில்லை. நான் இவ்வளவு கெட்டவளா? தெரியவில்லை. நன்றாகத் தூங்குகிறேன்.

ஏப்ரல் 19



காலையில் அக்கா எண்ணிக்கை கேட்கவில்லை. "கத்தரியை எடு. பூக்காத செடியை வச்சுக்கிட்டு என்ன செய்ய? அடியோட வெட்டு" என்றாள். கொஞ்ச நாள் பார்ப்போம் என்றேன். "என் செடி. வெட்டு."

முதல் தொட்டியில் ஐந்து விரிந்திருந்தன. "இதுல பூ இருக்கா?" என்றாள். இல்லை என்றேன். "வெட்டு." வெட்டினேன். இரண்டாவதில் மூன்று. "இதுல?" இல்லை. வெட்டினேன். மூன்றாவதில் கேட்டபோது தலையை ஆட்டினேன், அவளுக்குக் கண் தெரியாது என்பதுகூட மறந்துபோய். "வாயால சொல்லு." இல்லை என்றேன்.

நான்காவதில் மொட்டே பதினொன்று இருந்தது. "இல்லக்கா."

கத்தரிச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்: "நேத்து நீ கடையில இருக்கும்போது நர்ஸம்மா அவ பால்கனியில இருந்தே கத்தினா. பதிமூணு பூவாம், கண்ணு பட்டுடுமாம். உன் வாயால சொல்லுவியான்னு நாலு தடவை கேட்டேன்."

"அப்புறம் எதுக்குக்கா வெட்டச் சொன்னே?"

"நீ பார்த்து ரசிக்கிறதுக்கா நான் வளர்த்தேன்?"

"எனக்கு வலிப்புன்னு சொன்னியே, அதுக்கு?" இருபத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக அவளிடம் கத்தினேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 20

இருவரும் சாப்பிடவில்லை.

மே 11

இரண்டாவது தொட்டியில் துளிர். நர்சரிக்காரரிடம் கேட்டேன். "ஒட்டுக்குக் கீழ வெட்டிட்டீங்கம்மா. இனி அந்த ஆரஞ்சு வராது. வேர்ச்செடியோட சாதாப் பூதான்" என்றார். பரவாயில்லை. ஓடி வந்து அக்காவிடம் சொன்னேன். "துளிர் விட்டிருக்குக்கா. நிஜமா."

"ஓகோ" என்றாள்.

விரலைப் பிடித்துத் தொட்டுக் காட்டப் போனேன். கையை இழுத்துக்கொண்டாள்.

மே 19

விடிந்துவிட்டது என்றேன். பால்காரர் வரும்வரை அக்கா எழுந்திருக்கவில்லை. அவரிடம் கேட்டாள்: "ஏம்ப்பா, விடிஞ்சிருச்சா?"

மே 30

காலை மாத்திரையைக் கொடுத்தேன். அக்கா உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் உருட்டிப் பார்த்தாள். பிறகு சுவரைத் தட்டி நர்ஸம்மாவைக் கூப்பிட்டாள். நர்ஸம்மா வந்து, மாத்திரையைப் பார்த்து, என்னையும் பார்த்துவிட்டு, "இது சர்க்கரை மாத்திரைதான், போடுங்க" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அக்கா வாயைத் திறந்தாள். அதுவரை தண்ணீர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன்.