ஆதிலாபாத் ரோட்டில் பச்சை ஓலை

ராசிபுரம்,
20-11-1967

தங்கை அங்கம்மாளுக்கு உன் அண்ணன் சரவணமுத்து எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி கந்தம்மாளும் உயிரோடு இருக்கிறோம். சௌக்கியமாக இருக்கிறோம் என்று எழுதப் பேனாவை எடுத்தேன், பொய் எழுத மனசு வரவில்லை.

இந்தக் கடிதத்தை எங்கே போடுவது என்றே எனக்குத் தெரியவில்லை. போஸ்டாபீசில் தங்கச்சி எந்த ஊரில் இருக்கிறாள் என்று கேட்டார்கள். நான் என்ன சொல்வேன்? லாரி நம்பரையா சொல்வேன்? நாமக்கல் டிரைவர் பெரியசாமிதான், ஹைதராபாத்தில் நம் பக்கத்து லாரிகள் எல்லாம் நின்று லோடு கேட்கிற புக்கிங் ஆபீஸ் ஒன்று இருக்கிறது, அங்கே போட்டால் என்றைக்காவது கையில் கிடைக்கும் என்றான். சொந்தத் தங்கைக்கு என்றைக்காவது கிடைக்கும் என்று கடிதம் எழுதுகிற அண்ணன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மாப்பிள்ளை மருதாசலம் நெய்க்கடையை மூடிவிட்டு, வீட்டையும் விற்று, லாரி வாங்கப் போகிறார் என்று சொன்னபோது நான் ஏதாவது சொன்னேனா? யுத்த காலத்தில் மிலிட்டரி லாரி ஓட்டின மனிதர், கையில் பழைய ஆசை இருக்கும் என்று விட்டுவிட்டேன். நாமக்கல்லில் பாடி கட்டுகிற பட்டறைக்குக்கூட நானும் வந்தேன். லாரி நெற்றியில் எழுதின 'முருகன் துணை' கோணலாக இருக்கிறது என்று அழித்து எழுத வைத்ததே நான்தானே. டிரைவர் போட்டு ஓட்டுவார், நீங்கள் மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எந்த அண்ணனும் அப்படித்தான் நினைப்பான்.

அன்று காலையில் தறியில் உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. அதில் உன் கல்யாணக் கட்டில், அண்டா, பித்தளைக் குடம், ஆட்டுக்கல், நிலைக்கண்ணாடி, எல்லாம் இருந்தன. வண்டிக்காரன் சர்வ சாதாரணமாக, "இதெல்லாம் இனி வேண்டாமுங்களாம், உங்களையே வெச்சிக்கச் சொன்னாங்க. அவங்க வெடியறதுக்கு முன்னாலயே லாரில கெளம்பிட்டாங்களுங்க" என்றான். நான் தறிக்குழியிலேயே இருந்துவிட்டேன். கந்தம்மாள்தான் வந்து கையைப் பிடித்துத் தூக்கினாள்.

அந்தக் கட்டிலைப் போட்டதிலிருந்து எங்கள் வீட்டில் நடக்க இடமில்லை. அது வேறு.

மாப்பிள்ளை எனக்கென்று பெரியசாமியிடம் சொல்லி அனுப்பினாராம். இத்தனை வருஷம் கடையில் உட்கார்ந்து, எதிரே போகிற வண்டியை எல்லாம் வேடிக்கை பார்த்தது போதுமாம். நாலு தட்டு, இரண்டு சட்டி, ஒரு ஸ்டவ், ஒரு டிரங்குப் பெட்டி இருந்தால் மனிதனுக்குப் போதுமாம். அவருக்குப் போதும். அவர் ஆண்பிள்ளை. ஆற்றைக் கண்டால் குளிப்பார், மரத்தைக் கண்டால் படுப்பார். நீ?

இதைவிடப் பெரிய இடி பெரியசாமி அடுத்ததாகச் சொன்னது. தொப்பூர்க் கணவாய் மேட்டில் வண்டி திணறி நின்றபோது, ஒரு பொம்பளை கேபினிலிருந்து சேலையை வரிந்து கட்டிக்கொண்டு குதித்து, வண்டி பின்னால் உருளாமல் பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டாளாம். யாருடா இது என்று இறங்கிப் பார்த்தால் நீயாம். "அண்ணே, நம்ம ஊரு கிளீனர் பசங்களவிடச் சுறுக்குங்க" என்று என்னிடமே மெச்சிப் பேசுகிறான். அவனை என்ன செய்யச் சொல்கிறாய்? கோயிலுக்குப் போனாலும் குடை பிடித்துக்கொண்டு போனவள் நீ. லாரிக்குக் கட்டை போடுகிறாயாமே அங்கம்மா! இதை எழுதும்போதுகூட எனக்கு நம்ப முடியவில்லை.

உன்னையும் விடு. பிள்ளை பெரியநாயகிக்குப் பதின்மூன்று நடக்கிறது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டாய். இன்றைக்கோ நாளைக்கோ பெரிய மனுஷி ஆகப்போகிற பெண். ரோட்டிலே வைத்து அது நடந்தால் என்ன செய்வாய்? எங்கே உட்கார வைப்பாய்? தார்ப்பாய்க்கு அடியில் ஜவ்வரிசி மூட்டைக்கு நடுவிலா? எனக்குப் பிள்ளை கிடையாது என்பது உனக்குத் தெரியும். நான் பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்டி, தட்டு வைத்துச் சீர் செய்ய இந்த உலகத்தில் எனக்கு இருக்கிறது அவள் ஒருத்திதான். அதையும் கொண்டுபோய் லாரியில் ஏற்றிவிட்டாய்.

முடிவாகச் சொல்கிறேன். தைப்பொங்கலுக்குள் மூன்று பேரும் ஊர் வந்து சேருங்கள். நான் இடம் பார்த்து வைக்கிறேன். வராவிட்டால் இனி இந்த வீட்டுப் படியை மிதிக்க வேண்டாம். நல்லது கெட்டது எதற்கும் என்னைக் கூப்பிடவும் வேண்டாம். உனக்கு அண்ணன் ஒருவன் இருந்தான் என்று நினைத்துக்கொள்.

ராத்திரியில் பிள்ளையை லாரிக்கு வெளியே படுக்க வைக்காதே. பூச்சி பொட்டு இருக்கும்.

இப்படிக்கு,
சரவணமுத்து


ராசிபுரம்,
11-3-1968

அங்கம்மாளுக்கு,

உன் கடிதம் வந்தது. அதற்கு முன்னாலேயே சேதி வந்துவிட்டது. அது எப்படி வந்தது என்பதை முதலில் கேள்.

போன செவ்வாய்க்கிழமை பெரியசாமி லாரியை எங்கள் தெரு முனையில் நிறுத்தினான். இறங்கிக்கூட வரவில்லை. தறிச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று, அங்கிருந்தே வாயில் கை வைத்துக் கூவுகிறான்: "ஏனுங்கண்ணோவ், உங்க தங்கச்சி புள்ள பெரிய மனுசி ஆயிருச்சாமுங்க! ஆதிலாபாத் தாண்டிங்க!"

தெருவில் இருந்த தறி அத்தனையும் நின்றது. நாலு பெண்கள் வந்து அண்ணி காதோடு சொல்லவேண்டிய சேதி. மாப்பிள்ளை சந்தோஷம் தாங்காமல் ஒரு சேலம் டிரைவரிடம் சொல்ல, அவன் கர்நூலில் இன்னொருத்தனிடம் சொல்ல, அவன் பெங்களூரில் சொல்ல, இப்படி லாரி மாறி லாரி மாறி அந்தச் சேதி என் தெருவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வழியில் எத்தனை டீக்கடையில் இறங்கிச் சாப்பிட்டதோ! கந்தம்மாள் கேட்டவுடன் குலவை போட்டாள், நான் முறைத்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அடுத்து உன் கடிதம். நாகபுரிப் பக்கம் போகும்போது ஆக்ஸில் முறிந்து, காட்டு ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை எதிரே நின்றீர்கள் என்றும், மாப்பிள்ளை சாமான் வாங்க நாகபுரிக்குப் போயிருந்தார் என்றும், அப்போதுதான் பெரியநாயகி வந்து உன்னிடம் சொன்னாள் என்றும் எழுதியிருக்கிறாய். பிள்ளையைக் கட்டிக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதாயாம். கடைக்கார சர்தார்ஜி வந்து என்ன என்று கேட்டாராம். பாஷை தெரியாமல் கையாலேயே காட்டினாயாம். அண்ணன் வந்து ஓலை வெட்டவேண்டும், அண்ணன் இல்லை என்று ஜாடை காட்டினாயாம்.

எப்படித்தான் காட்டினாய்? அண்ணன் இல்லை என்று எப்படிக் காட்டினாய் அங்கம்மா?

அந்த மனிதர் உள்ளே போய்க் கோடாலி எடுத்துவந்து, ஈச்ச மட்டையும் தேக்குக் கிளையும் வெட்டி, கடைக்குப் பின்னால் குடிசை கட்டிக் கொடுத்திருக்கிறார். ஒரு சர்தார்ஜி! முன்னே பின்னே தெரியாதவர்! உன்னைப் பார்த்து 'பெஹன்' என்றாராம், அப்படி என்றால் தங்கச்சி என்று அர்த்தமாம். இத்தோடு போயிற்றா? தாய்மாமன் புதுத்துணி கொடுக்கவேண்டும் என்று நீ காட்டியதும், தலையில் கட்டுவதற்கு வாங்கி வைத்திருந்த மஞ்சள் துணியைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்தாராம். நீ அதைப் பிள்ளைக்குத் தாவணியாகச் சுற்றி உட்கார வைத்தாயாம்.

தலைப்பாகைத் துணி! பட்டு நெய்கிறவன் மருமகளுக்கு மல் துணி! அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன். நாலு தடவையும் அதுவேதான் இருந்தது. அவளுக்கு முதல் சேலை என் தறியில் இருந்துதான் இறங்கவேண்டும். என்ன நிறம் என்றுகூட அவள் பிறந்த வருஷமே எனக்குத் தெரியும். என் உரிமை அது. ஊர் பேர் தெரியாத ஒருத்தர் கோடாலியோடு வந்து ஒரு காலைப்பொழுதில் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்படியானால் இனி அவரையே மாமன் என்று வைத்துக்கொள். மீதிச் சீரையும் அவரே செய்யட்டும். கல்யாணத்துக்கும் அவரே முன்னால் நிற்கட்டும். நான் எதற்கு?

இவ்வளவும் நேற்றுக் காலையில் எழுதியது. கிழித்துப் போட்டிருப்பேன். தாள் வீணாகிறதே என்று இதிலேயே தொடர்ந்து எழுதுகிறேன்.

எழுதினதைத் தபாலில் போடுமுன் கந்தம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு உன் கடிதத்தையும் முழுசாக வாசிக்கச் சொன்னாள். 'நல்லது கெட்டது எதற்கும் கூப்பிட வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் அண்ணா, நான் தந்தி அடிக்கவில்லை' என்று நீ எழுதியிருந்த இடம் வந்ததும், எனக்கு மேலே வாசிக்க வரவில்லை. அவள் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, "ஏனுங்க, நம்ம புள்ள நடுரோட்ல உக்காந்து அழுதப்ப ஒரு மனுசன் எந்திரிச்சு ஓலை வெட்டப் போயிருக்காரு. நீங்க அப்ப எங்கீங்க இருந்தீங்க?" என்றாள்.

தறியில்தான் இருந்தேன். வேறெங்கே இருப்பேன்.

அதற்குப் பிறகு அவள் மறுபடி நூல் சுற்றப் போய்விட்டாள். நீ எழுதியிருந்த மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக மனசில் ஓடுகிறது. பிள்ளை குடிசைக்குள் இருந்த நாள் எல்லாம் அந்த சர்தார்ஜி அந்தப் பக்கம் ஒரு டிரைவரையும் லாரி நிறுத்தவிடாமல், கையில் தடியோடு கட்டில் போட்டு வெளியே உட்கார்ந்திருந்தாராமே. காலையில் பிள்ளைக்கென்று பால் காய்ச்சி வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவாராமே. அதை யார் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? நான் இருந்திருந்தால்கூடக் குடிசையைக் கட்டிவிட்டுப் பந்தியில் உட்காரப் போயிருப்பேன்.

பெரியநாயகி தன் கையால் எழுதியிருந்ததையும் படித்தேன். கோதாவரியைப் பார்த்தாளாம், காட்டில் மயில் கூட்டம் பார்த்தாளாம், டயரைத் தட்டிப் பார்த்தே காற்றுக் குறைவா என்று சொல்வாளாம். எங்கள் வீட்டுக் கட்டிலில் படுத்துக் கிடந்தால் இதெல்லாம் எங்கே பார்த்திருப்பாள் என்று கந்தம்மாள் சொல்கிறாள். எனக்கு அதெல்லாம் இன்னும் பிடிபடவில்லை. வீடு இல்லாமல் எப்படிச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஊருக்கு வா என்று இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன், அவ்வளவுதான்.

பெரிய சீர் இன்னும் செய்யவில்லை, அதை அப்படியே விட்டுவிட்டோம் என்று எழுதியிருக்கிறாய். விடவேண்டாம். நெசவாளர் சொசைட்டிக்கு நெய்யவேண்டிய சேலையை நிறுத்திவிட்டு, இன்று காலையில் அரக்கு நிறத்தில் பாவு ஏற்றிவிட்டேன். பங்குனி கடைசியில் பெரியசாமி நாகபுரிக்கு ஜவ்வரிசி லோடு ஏற்றுகிறான். நானும் கந்தம்மாளும் அவனோடு வருகிறோம். நாமக்கல் பஸ்ஸிலேயே வாந்தி எடுக்கிறவன் நான் என்பது உனக்குத் தெரியும். பெரியசாமி, எலுமிச்சம்பழம் வாங்கிக்குங்க என்கிறான். டிரைவர் பக்கத்து ஜன்னல் சீட்டு தனக்கென்று கந்தம்மாள் இப்போதே சொல்லிவிட்டாள்.

சீரை அந்தக் கடை வாசலிலேயே வைத்துக்கொள்ளலாம். நீங்கள் என்றைக்கு அங்கே இருப்பீர்கள் என்று மாப்பிள்ளையைக் கேட்டு எழுது. தட்டு, தேங்காய், மஞ்சள், குங்குமம் எல்லாம் இங்கிருந்து கொண்டுவருகிறோம். பூவுக்கு மட்டும் அங்கே சொல்லி வை.

இன்னொன்று. இதை மறக்காமல் செய். உன் கடிதத்தில் எல்லாம் எழுதினாய், முக்கியமானதை விட்டுவிட்டாய். அந்த சர்தார்ஜிக்கு என்ன வயது என்று கேட்டு எழுது. ஒரு பெண்ணுக்கு மாமன் இரண்டு பேர் இருந்தால், மூத்தவர்தான் முதல் மாலை போடவேண்டும். அவர் எனக்கு மூத்தவர் என்றால் நான் அவருக்குப் பின்னால் நிற்கவேண்டும்.

பிள்ளைக்கு நெட்டி முறித்து நான் ஆசீர்வாதம் செய்ததாகச் சொல். நீயும் நன்றாக இரு சாமி. கட்டை போடும்போது கையைப் பார்த்துப் போடு.

உன் அண்ணன்,
சரவணமுத்து